பொதுஜனத்தின் நாற்காலி

ஊழியர் பட்டியலில் அவருடைய பதவி அலுவலக உதவியாளர். ஆய்வாளர் திறன் பயிற்சிப் பிரிவு, இரண்டாம் மாடி, லிஃப்ட்டை விட்டு இறங்கினால் இடப்பக்கம் மூன்றாவது கதவு. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்களும், பட்டம் வாங்கிவிட்டு அடுத்த வேலைக்கு அலைகிறவர்களும் அங்கே வந்து, ஆய்வுக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத சங்கதிகளைக் கற்றுக்கொண்டு போவார்கள். கட்டுரையை எப்படி எழுதுவது, நேர்முகத்தில் எப்படிப் பேசுவது, சிடுமூஞ்சி வழிகாட்டியிடம் எப்படி விடுப்புக் கேட்பது, இப்படி. வகுப்புகளுக்குப் பெயர் பதிவது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, புரொஜெக்டருக்கு வயர் தேடுவது, கடைசி நாளன்று சான்றிதழ்களில் பெயர் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் அக்கா. அதுபோக, முதுகுக்குப் பின்னால் மட்டுமல்லாமல் முகத்துக்கு நேராகவே சொல்லும் இன்னொரு பெயரும் உண்டு. பொதுஜனம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ‘மூன்று நிமிடத்தில் உங்கள் ஆய்வு’ என்ற இரண்டு நாள் வகுப்பை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். அறிவியல் வாடையே படாத ஒருவரை எதிரில் உட்காரவைத்து, மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் ஆய்வைப் பேச்சுத்தமிழில் மூன்றே நிமிடத்தில் சொல்லவேண்டும். கேட்கிறவருக்கு எங்கே புரியவில்லையோ அங்கே ஒரு மஞ்சள் அட்டையைத் தூக்குவார். பேசுகிறவர் அந்த இடத்திலேயே நின்று, வேறு விதமாகச் சொல்லிப் புரியவைத்துவிட்டுத்தான் மேலே போகலாம். முதல் வகுப்புக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்த தபால்காரர் வரவில்லை. பயிற்சி அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூச்சிகளின் உணர்கொம்பை ஆறு வருஷம் ஆராய்ந்து பட்டமும் வாங்கி, இனி ஜென்மத்துக்கும் பூச்சி முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவெடுத்து இந்த வேலைக்கு வந்தவர் அவர். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். வாசலில் பதிவேட்டோடு நின்ற அக்காவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எப்படி என்று கேட்டார்.

“பாஸ் பண்ணேன் சார்,” என்றார் அக்கா. “எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

அதிகாரி அவர் கையில் அட்டையைக் கொடுத்து, மூன்றாவது வரிசை நடு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

அன்றைக்கு முதலில் வந்தவன் கண்ணாடி உடைவதைப் பற்றி ஆராய்கிறவன். மூன்று நிமிடத்தில் அக்கா பத்தொன்பது தடவை அட்டையைத் தூக்கினார். பாவம், அழாத குறை. ஆனால் மறுநாள் சாயங்காலம் அவன் கடைசியாக வந்து, ஜன்னலில் கல் பட்டால் விரிசல் ஏன் நேராகப் போகாமல் கிளைவிட்டுப் போகிறது என்று சொன்னபோது அட்டை அக்காவின் மடியிலேயே கிடந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்கா ஜன்னல் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டு போனார். வீட்டில் கணவரிடம் அதை அப்படியே சொன்னார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரம் எதனால் நிற்கிறது என்பதைத் தவிர வேறெதிலும் மனசைச் செலவழிக்காத மனுஷர். அவரே சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்பது அக்காவுக்குப் பெரிய விஷயம்.

அட்டை தூக்குவது என்ன பிரமாதம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் தூக்கிப் பார்க்கட்டும். புரியாதபோது தலையாட்டுவது மனித குலத்தின் பொதுவியாதி. பேராசிரியர் ஆட்டுவார், துறைத்தலைவர் ஆட்டுவார், திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் எல்லோரையும்விட வேகமாக ஆட்டுவார். அக்காவின் கழுத்து மட்டும் ஆடாது. புரியவில்லை என்றால் வெட்கப்படவேண்டியது நானா, சொல்லத் தெரியாதவரா என்பது அவர் கட்சி. அதிலும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு பேச்சு வழக்கம் உண்டு. ‘சோதனை செய்யப்பட்டது’, ‘அளவிடப்பட்டது’, ‘கண்டறியப்பட்டது’ என்றே அடுக்கிக்கொண்டு போவார்கள். ஆய்வுக்கூடத்தில் மனுஷ நடமாட்டமே கிடையாது, எல்லாம் தானாக நடக்கிறது என்று தோன்றும். அக்கா அட்டையைத் தூக்கி, “யாரு செஞ்சா?” என்பார். நாலு வருஷம் ராப்பகலாகக் கிடந்து செய்தவர்கள், ‘நான்தான்’ என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில் சொல்வார்கள்.

கட்டடத்தின் மற்ற இடங்களில் அக்காவின் பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது. லிஃப்ட்டில் கூட வருகிற பெரிய விஞ்ஞானிகள் கதவைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கிப் போவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கதையே வேறு. அதே விஞ்ஞானிகளின் மாணவர்கள், சில சமயம் அந்த விஞ்ஞானிகளே, அவர் கழுத்து அசைகிறதா என்று பார்த்து நிற்பார்கள். அக்காவுக்கு அந்த நாற்காலி என்றால் உயிர். வாரம் முழுக்க வயர் தேடியதற்கும் கையெழுத்து வாங்கியதற்கும் அந்த இரண்டு நாள் ஈடு.

அதனால் தன் அறியாமையை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாதுகாத்தார். பதிவுப் படிவங்களில் ஆய்வுத் தலைப்பு இருக்கும். அந்த வரியின் மேல் ஸ்கேலை வைத்து மறைத்துக்கொண்டுதான் பெயர்களைத் தட்டச்சு செய்வார். சுவரொட்டிகள் மாட்டிய நடையில் போகும்போது எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஆனால் கண்ணை மறைக்கலாம், காதை என்ன செய்வது. பன்னிரண்டு வருஷத்தில் அறுநூறு பேருக்குக் குறையாமல் கேட்டிருந்தார். மண்புழுவின் குடல், குழாய்க்குள் போகும் சத்தம், துருப்பிடிக்காத இரும்பு, தூங்காத எலி என்று எல்லாம் அந்த மூன்றாவது வரிசையில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் பாசி வந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியில் சில வருஷம் பச்சைப்பசேலென்று பாசி மூடுகிறது. சில வருஷம் அது சும்மா கிடக்கிறது, சில வருஷம் விஷமாகிறது. எப்போது விஷமாகும் என்று பத்து நாள் முன்னதாகவே சொல்லிவிடலாம் என்பது அவளுடைய ஐந்து வருஷ ஆய்வு. பட்டம் வாங்கிய கையோடு, குடிநீர் வாரியத்தில் இளம் ஆய்வாளர் வேலைக்கு இறுதிச் சுற்று வரை வந்துவிட்டாள். தேர்வுக் குழுவில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் விஞ்ஞானிகள் அல்ல: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, ஒரு வழக்கறிஞர், குடியிருப்போர் சங்கத் தலைவர். குடிக்கிறவர்களுக்குப் புரியவேண்டும் என்று அப்படி வைத்திருந்தார்கள்.

பாசி ஒத்திகைக்கு நின்றாள். மூச்சு விடாமல், சுத்தமாக, மூன்று நிமிடத்துக்கு இரண்டு விநாடி முன்பாக முடித்தாள். அட்டை ஒரு தடவைகூட எழவில்லை. முதல் பேச்சிலேயே இப்படி என்பது பன்னிரண்டு வருஷத்தில் நடக்காத அதிசயம். அறையில் கைதட்டல் ஓய நேரமாயிற்று, அதிகாரி பாசியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்காவுக்கும் ஏதோ தானே பேசி ஜெயித்ததுபோல் சந்தோஷம். வேலை உனக்குத்தான், போய் வா என்று அனுப்பினார்.

நான்கு நாள் கழித்து பாசி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். குழு யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவளையும் இன்னொருவரையும் மூன்று வாரம் கழித்து மறுபடி வந்து பேசச் சொல்லியிருந்தார்கள். என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டதற்கு, தெரியவில்லை, சிரித்தார்கள் என்று சொன்னாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் நடுவில் நிறுத்தி, “நீங்க சொல்ற மாதிரி எந்த மாதிரிம்மா?” என்று கேட்டாராம். இவள் பதறிப்போய், “முதல்ல சொன்ன மாதிரி இல்ல சார், ரெண்டாவதா சொன்ன மாதிரி” என்றாளாம். தலைமை ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டாராம். அதற்கப்புறம் என்ன பேசினோம் என்பதே பாசிக்கு நினைவில்லை.

அதிகாரி அக்காவை ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதுதான் அக்காவைக் குடைந்தது. ஒத்திகைகளையெல்லாம் கேமராவில் பதிவு செய்வது வழக்கம். அந்தப் பதிவைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் போட்டுக் கேட்டார். என்ன கேட்டும் குற்றம் தெரியவில்லை. தெள்ளத் தெளிவாக இருந்தது. பக்கத்தில் கணவர் மின்விசிறியைக் கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும் அக்கா அவருக்குச் சொன்னதெல்லாம் கடைசி நாள் கதை, நன்றாகத் தேய்த்துக் கழுவி வந்தது. பச்சையாக எதையும் அவர் கேட்டதில்லை.

“ஏங்க, இத கொஞ்சம் கேளுங்க. புரியலன்னா கையத் தூக்குங்க.”

மூன்று நிமிடத்தில் ஸ்க்ரூடிரைவர் பதினோரு தடவை மேலே போயிற்று. மரபணு வெளிப்பாடு என்றதும் ஒரு தடவை. வெளிப்பாடு என்றால் மூஞ்சியில் தெரிவதா என்று கேட்டார். சவ்வு என்றதும் ஒரு தடவை. நடுவில் பாசி, ‘ஏரியிலிருந்து மாதிரிகள் எடுத்தோம். அந்த மாதிரிகளை வைத்து ஒரு மாதிரியை உருவாக்கினோம். இந்த மாதிரி மாதிரி இதுவரை யாரும் செய்ததில்லை’ என்று சொல்லும் இடத்தில், தூக்கிய கையை அவர் இறக்கவே இல்லை.

“ஏம்மா,” என்றார் கவலையோடு, “அந்தப் பொண்ணு ஒரு மாதிரியா?”

அக்கா சிரித்தார். சிரித்து முடிவதற்குள் விஷயம் பிடிபட்டது. எடுத்த மாதிரி என்றால் தண்ணீர், உருவாக்கிய மாதிரி என்றால் கணினிக் கணக்கு, மூன்றாவது மாதிரி சும்மா வருகிற மாதிரி. மூன்றும் அவருக்கு மூன்று தனித்தனி வார்த்தையாகக் காதில் விழுந்திருக்கிறது. அறுநூறு பேர் சொல்லிச் சொல்லிப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அட்டை எழவில்லை. பாசியின் பேச்சு நன்றாக இருந்ததால் அல்ல, தனக்குத் தெரிந்துபோய்விட்டதால். மூன்றாவது வரிசையில் பொதுஜனம் என்று ஒருத்தரை உட்காரவைத்திருந்தார்கள், அங்கே பொதுஜனமே இல்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தெரிந்ததைத் தெரியாததுபோல் காட்டினால் போயிற்று. உலகத்தில் எத்தனையோ பேர் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக் காலம் தள்ளுகிறார்கள், இது அதைவிடச் சுலபம்தானே. அடுத்த வாரம் வேறு மாணவர்களுக்கு அதே வகுப்பு. நொதிகளைப் பற்றி ஒருவன் பேச வந்தான். அவன் ‘நொதி’ என்றதும் அக்கா அட்டையைத் தூக்கினார். அவன் மெனக்கெட்டு, சோப்புத் தூள் கறையை எப்படி நறுக்குகிறது என்று விளக்கினான். அந்தச் சோப்பு உதாரணம் ஏழு வருஷத்துக்கு முன் டீ இடைவேளையில் வேறு ஒருத்திக்கு அக்காவே எடுத்துக்கொடுத்தது. அது கைமாறிக் கைமாறி இவனிடம் வந்திருக்கிறது. அக்கா கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் குசுகுசுவென்று சொன்னது காதில் விழுந்தது: “அக்காவுக்கு நொதி தெரியும்டி. போன மாசம் எனக்கே அவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க.”

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்னொன்றும் நடந்தது. நடிப்பில் கவனமாக இருந்ததில், அவன் நிஜமாகவே உளறிய ஓர் இடம் காதில் ஏறாமலே போய்விட்டது. அதிகாரிதான் பிறகு சுட்டிக்காட்டினார். சாயங்காலம் எல்லோரும் போனதும் அக்கா அட்டையை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போய், அதை மேஜைமேல் வைத்தார். நாற்காலியைக் காலி செய்கிறேன் என்றார்.

அதிகாரி பதறிவிட்டார். பாசி விஷயத்துக்காக இப்படி முடிவெடுக்கவேண்டாம் என்றார். ஒரு தடவை தவறினால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். உங்களுக்காகத்தான் பாதிப் பேர் பெயர் பதிகிறார்கள் என்றார். அது உண்மையும்கூட.

“அதான் சார் தப்பு,” என்றார் அக்கா. “பழைய பசங்க வந்து, அக்காவுக்கு இது தெரியும், அது தெரியும்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிடறாங்க. இவங்க எனக்குப் புரியவைக்கத்தான் கத்துக்கறாங்க. எனக்குத்தான் ஏற்கெனவே புரியுதே. வெளிய இருக்கறவங்களுக்கு யாரு சொல்றது?”

அதிகாரி அட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். அப்புறம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பதிவேடு இருக்கிறதே சார் என்று அக்கா லேசாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கழிவறையில் போய் இரண்டு தடவை முகம் கழுவிக்கொண்ட பிறகுதான் பஸ் நிறுத்தத்துக்கு நடக்க முடிந்தது. தெரியாததால் வேலை போனவர்களைப் பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டதால் இடம் போனவர் அந்தக் கட்டடத்திலேயே தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டார். நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது.

பாசியின் இரண்டாவது நேர்முகத்துக்கு மூன்று நாள்தான் பாக்கி. ஒத்திகைக்கு ஆள் வேண்டும். காலையில் பயிற்சி அறையில் திரைச்சீலைக்கு அளவெடுக்க ஒரு தையல்காரம்மா வந்திருந்தார். ஸ்டூலின் மேல் ஏறி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஜன்னல்களைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கீழே இறங்கச் சொல்லி, அரைமணி நேரம் உட்கார்ந்து ஒரு பெண் பேசுவதைக் கேட்கமுடியுமா என்று கேட்டார். ஏதாவது புகாரா என்று தையல்காரம்மா பயந்துபோனார். புகார் இல்லை, புரியாவிட்டால் இதைத் தூக்கவேண்டும், அவ்வளவுதான் என்று அக்கா தன் கையாலேயே அவரை மூன்றாவது வரிசை நடு நாற்காலியில் உட்காரவைத்தார். அட்டையைக் கொடுக்கும்போது விரல் அதை விட மறுத்தது. கொடுத்துவிட்டு, பதிவேட்டோடு கதவோரம் போய் நின்றுகொண்டார்.

பாசி ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அட்டை எழுந்தது. மாதிரி என்றால் சாம்பிள் என்று பாசி விளக்கினாள்.

“எனக்குத் தெரியாதா? மாதிரித் துணி. அதக் காட்டித்தான நாங்க ஆர்டர் எடுக்கறோம். மேல சொல்லுங்க.”

பாசி மேலே சொன்னாள். மாதிரியை உருவாக்கினோம் என்றதும் அட்டை மறுபடி எழுந்தது.

“இப்பத்தான் மாதிரி எடுத்தேன்னீங்க. இப்ப உருவாக்கினேங்கறீங்க. எடுத்த துணிய யாராவது மறுபடி நெய்வாங்களா?”

பாசிக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி உதவிக்கு வந்து, அதாவது இது ஒரு கணித மாதிரி என்று தொடங்கினார். தையல்காரம்மா அவருக்கும் அட்டையைக் காட்டினார். பாசி எங்கே மாட்டிக்கொண்டாள், தையல்காரம்மா எங்கே வழுக்கினார் என்பது இரண்டும் அக்காவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. பாசியின் மூன்று மாதிரியும் தெரியும், கேட்கிறவர் கையிலிருக்கும் ஒரே மாதிரியும் தெரியும். அந்த அறையில் பன்னிரண்டு வருஷத்தில் ‘யாரு செஞ்சா’, ‘புரியல’ என்பதைத் தவிர அவர் வேறொன்றும் உரக்கச் சொன்னதில்லை. இப்போது கதவோரத்திலிருந்தே சொன்னார்.

“பாசி, அவங்களுக்கு மாதிரின்னா துணி. நீ அந்த வார்த்தையவே விட்டுரு. எடுத்தது ஏரித் தண்ணிதான? தண்ணின்னே சொல்லு. ரெண்டாவதுக்குப் பேரே வேணாம். அத வச்சு நீ என்ன பண்றியோ அதச் சொல்லு.”

பாசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தையல்காரம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“வாராவாரம் ஏரியில போய் ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வரேன். அதுல பாசி எவ்வளவு, அந்த வாரம் வெயில் எவ்வளவு, காத்து எவ்வளவுன்னு பார்த்து ஒரு கணக்குப் போடறேன். இன்னும் பத்து நாள்ல அந்தத் தண்ணி விஷமாகுமா ஆகாதான்னு அந்தக் கணக்கு சொல்லிடும்.”

அட்டை எழவில்லை. தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எங்க வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணியா?”

“ஆமாங்க.”

“அப்ப இத ஏம்மா மொதல்லயே சொல்லல?”

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பாசி, தையல்காரம்மா, அக்கா மூன்று பேருமாக உட்கார்ந்து பேச்சை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்கள். அதிகாரி கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. மூன்று நாள் கழித்து வாரியத்திலிருந்து பாசியின் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் தன் தெருவுக்கு எந்த ஏரித் தண்ணீர் வருகிறது என்று கேட்டாராம். அதற்கும் பாசி மாதிரி என்ற சொல்லே வராமல் பதில் சொல்லிவிட்டாளாம். அக்கா போனை வைத்துவிட்டு, சந்தோஷத்தில் அன்றைய பதிவேட்டில் நாளைய தேதியைப் போட்டுவிட்டார்.

அடுத்த வகுப்புக்கு ஒரு பஸ் டிக்கெட் பரிசோதகரைப் பிடித்து வந்தார் அக்கா. இனிமேல் ஒவ்வொரு வகுப்புக்கும் புது ஆள், ஒருவருக்கு ஒரே தடவை என்று அதிகாரியோடு பேசி முடிவாகியிருந்தது. ஆளைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவது அக்காவின் பொறுப்பு. பரிசோதகர் டிக்கெட் கேட்கிற தோரணையில் அட்டையைத் தூக்கினார். மாணவர்கள் நடுங்கினார்கள். அக்கா அறைக்கு வெளியே நடையில் மேஜை போட்டுக்கொண்டு, சான்றிதழ்களில் பெயர் எழுதலாம் என்று உட்கார்ந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இடைவேளையில் ஒருவன் தயங்கித் தயங்கி மேஜைக்கு வந்தான். தான் ‘அழுத்தம்’ என்று சொன்னதற்கு அந்த ஆள் ஏன் வீட்டுப் பிரச்சினையா என்று கேட்டார் என்று அவனுக்குப் புரியவில்லை. அக்கா அவனுக்குச் சொன்னார். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். மறுநாள் நடையில் வரிசையே நின்றது. டீ ஆறிப்போயிற்று, சான்றிதழ்களில் பாதிக்குமேல் பெயரில்லாமல் கிடந்தன.

அப்போது தைத்து முடித்த திரைச்சீலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு தையல்காரம்மா லிஃப்ட்டிலிருந்து இறங்கினார். நல்ல புடவை கட்டியிருந்தார். வகுப்பு நடப்பதைப் பார்த்ததும், இன்றைக்கும் தானே உட்காருவதாகச் சொன்னார். போன தடவை கேட்டதை வீட்டில் எல்லோருக்கும் சொன்னாராம், குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் ஞாபகம்தானாம். அக்கா எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டார்.

“நீங்க வேணாம்மா.”

“ஏன், நான் சரியாத்தான தூக்கினேன்?”

“ரொம்பச் சரியாத் தூக்கினீங்க. ஆனா இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

தையல்காரம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மூட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“தெரிஞ்சுக்கிட்டா தப்பா?”

ஒரு மாதமாக அக்கா தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பஸ்ஸில், வீட்டில், ராத்திரி விளக்கணைத்த பிறகும் கேட்டுப் பார்த்திருக்கிறார். பதில் சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. இப்போது வேறொருவர் வாயிலிருந்து கேட்டதும், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“தப்பில்லம்மா,” என்றார் அக்கா. “நாற்காலிதான் மாறும்.”

எழுந்து அறைக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, தன் மேஜைக்குப் பக்கத்தில் போட்டார். தையல்காரம்மா மூட்டையைச் சுவரோரம் வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். வரிசையில் முதலில் நின்றவன், இரண்டு பேரில் யாரிடம் தன் பேச்சு எழுதிய தாளை நீட்டுவது என்று தெரியாமல் மேஜை நடுவில் வைத்தான்.